“விளங்கீட்டுதோ?” எண்டு கேட்டால் எல்லாத் தலையும் ஆடுது

முடக்கொழுங்கை
சனி, இரவு 9.42

நாலு மாசமாச் சனிக்கிழமைப் பின்னேரங்களிலை ஒரு சனசமூக நிலையத்திலை பிள்ளையளுக்குக் கணக்குச் சொல்லிக்குடுக்கிறன். யாழ்ப்பாணத்திலை காக்கைதீவுக் கரைப் பக்கம். ஊரின்ரை பேர் வேண்டாம், அந்தப் பிள்ளையள் வளர்ந்து ஒருநாள் இதை வாசிக்கலாம். ஆறாம் வகுப்பிலையிருந்து ஒன்பதாம் வகுப்பு மட்டும் பதினாலு பேர். சில கிழமை எட்டுப் பேர்தான். சில கிழமை தம்பி தங்கச்சியை இடுப்பிலை இருத்திக்கொண்டு இருபது பேர் வருவினம்.

பெருமை அடிக்க எழுதேல்லை. ஒரு வசனம் மண்டையைக் குடையுது, அதை எங்கையாவது இறக்கி வைக்கோணும்.

முதல் நாள் பின்னம் தொடங்கினனான். கலர் சோக்காலை வட்டம் கீறி, பிரிச்சு, நிறம் தீட்டி, எல்லாம் வடிவாத்தான் செய்தனான். முடிய “விளங்கீட்டுதோ?” எண்டன். எல்லாத் தலையும் ஆடிச்சுது. கணக்கைக் குடுத்தால் ஒருத்தருக்கும் வரேல்லை. அடுத்த கிழமையும் அதே கூத்து. மூண்டாம் கிழமை எனக்குக் கோவம் வந்திட்டுது. “விளங்காட்டி விளங்கேல்லை எண்டு சொல்லுறதுக்கு என்ன?” எண்டு சத்தம் போட்டிட்டன். எட்டாம் வகுப்புப் பெட்டை ஒண்டு பாயைப் பாத்தபடி சொல்லிச்சுது:

“சொன்னாலும் திருப்பி அதைத்தானே ரீச்சர் சொல்லுவியள்.”

அண்டைக்கு இரவு நித்திரை வரேல்லை. நான் பின்னம் எப்பிடிப் படிச்சனான் எண்டு யோசிச்சுப் பாத்தன். 2001இலை அஞ்சாம் வகுப்பு ஸ்கொலர்சிப் சோதினை எடுத்தனான். “ஒரு ரியூசனுக்கும் போகாமல் பாஸ் பண்ணினனான்” எண்டு இண்டைக்கும் ஆக்களுக்குச் சொல்லித் திரியிற ஆள் நான். உண்மைதான், போகேல்லை. ஆனால் எங்கடை விறாந்தையிலை சாய்மனைக் கதிரையிலை ஒரு ஓய்வுபெற்ற தலைமை வாத்தியார் இருந்தவர். அம்மப்பா. எனக்கு விளங்கேல்லை எண்டால் வேறை வழியிலை சொல்லுவார். அதுவும் விளங்கேல்லை எண்டால் இன்னொரு வழி. கடைசியிலை பெட்டகத்தைத் திறந்து காணி உறுதியை எடுத்து விரிச்சு, “கிணத்திலை எட்டிலை மூண்டு பங்கு எங்களுக்கு, எட்டிலை ஒண்டு சின்னம்மாவுக்கு, மிச்சம் எவ்வளவு பக்கத்து வளவுக்காரருக்கு?” எண்டு கேட்டவர். அதோடை பின்னம் எனக்கு ஒட்டினது, இண்டைவரைக்கும் போகேல்லை.

அப்ப நானும் போன கிழமை அதையே எடுத்து விட்டன். கிணறு, பங்கு, உறுதி. ஒரு பெடியன் கேட்டான்: “உறுதி எண்டால் என்ன ரீச்சர்?”

அவை இருக்கிற காணிக்கு உறுதி இல்லை. கிணறும் இல்லை, தண்ணி பவுசரிலை வருது.

இப்ப எனக்குக் குழப்பமாக் கிடக்கு. நான் கஷ்டப்பட்டுப் படிச்சனான் எண்டது பொய்யில்லை. ஆனால் அந்தக் கஷ்டத்துக்குக் கீழை ஒரு வீடு முழுக்க நிண்டு தாங்கிக்கொண்டு இருந்திருக்கு, அதை நான் கணக்கிலை எடுத்ததேயில்லை. உங்களிலை இப்பிடி ஆருக்காவது நடந்திருக்கோ?

ஜாம்போத்தல்
சனி, இரவு 10.15

தங்கச்சி, குறை நினைக்காதையுங்கோ. உப்பிடிக் கதைக்கிறது இப்ப ஒரு மோஸ்தர். நான் ஸ்காபரோவிலை இருக்கிறன், 27 வருசம். என்ரை பேரைப் பாத்தாலே தெரியும் எப்பிடிப் படிச்ச ஆள் எண்டு. 90 ஆனியிலை சண்டை தொடங்கினதோடை கரண்ட் போட்டுது. மண்ணெண்ணெய்க்கும் தடை. ஜாம் போத்தலுக்குள்ளை பஞ்சைப் போட்டுச் சொட்டுச் சொட்டா எண்ணெய் விட்டு, கரி மூக்குக்குள்ளை ஏற ஏறப் படிச்சனாங்கள். 95 ஒக்ரோபர் 30, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த இரவு, மழைக்குள்ளை நாவற்குழிப் பாலம் தாண்டேக்கை என்ரை சைக்கிள் கரியரிலை உடுப்பு இல்லை, இரசாயனவியல் கொப்பிதான் இருந்தது. கொடிகாமத்திலை மரத்துக்குக் கீழை இருந்து படிச்சனாங்கள்.

எங்களுக்கு என்ன வசதி இருந்தது? படிக்கிறவன் தெருவிளக்கிலையும் படிப்பான். இப்பத்தைப் பிள்ளையளுக்குப் போன் இருக்கு, டேட்டா இருக்கு. படிக்க மனம் இல்லை, அவ்வளவுதான்.

பனம்பாத்தி
சனி, இரவு 10.21

அண்ணை, நீங்கள் சொல்லுற தெருவிளக்கு எங்கடை ஒழுங்கையிலை மாரி தொடங்கினதிலையிருந்து எரியேல்லை. பிரதேச சபைக்கு ஒருக்கால் ஸ்காபரோவிலையிருந்து எடுத்துச் சொல்லுங்கோ.

கரைவலை
சனி, இரவு 11.03

நான் அந்தப் பாயிலை இருந்த ஆள். காக்கைதீவு இல்லை, வடமராட்சிக் கரை. அதாலை மற்றப் பக்கத்திலையிருந்து சொல்லுறன்.

ஜாம்போத்தல் அண்ணை, உங்கடை கஷ்டம் கஷ்டம்தான், அதை ஒருத்தரும் தட்டிப் பறிக்கேல்லை. ஒரு கேள்வி மட்டும். நீங்கள் இடம்பெயரேக்கை இரசாயனவியல் கொப்பியைக் கரியரிலை வைச்சியள். எந்தக் கொப்பியைக் காப்பாத்தினால் எந்தக் கதவு திறக்கும் எண்டு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. எங்கடை அம்மா இடம்பெயரேக்கை வலையைத் தூக்கினவா. அவவும் புத்தியாத்தான் செய்தவா, வலைதான் எங்களுக்குச் சோறு. இருட்டு எல்லாருக்கும் ஒண்டுதான் அண்ணை, போகோணுமெண்டு நினைச்ச இடம்தான் வேறை வேறை.

முடக்கொழுங்கை அக்கா, நீங்கள் நாலு மாசமாப் போறியள் எண்டு எழுதியிருக்கிறியள். எங்களுக்கும் ஒருக்கால் கம்பஸ் பெடியள் வந்து படிப்பிச்சவை. நல்ல பெடியள். மூண்டு மாசம் வந்தவை. பிறகு அவைக்குச் சோதினை, வரேல்லை. வரமாட்டம் எண்டு சொல்லவும் இல்லை. நாங்கள் ரெண்டு சனிக்கிழமை பாயை விரிச்சுப்போட்டு இருட்டுப்படும் மட்டும் இருந்தனாங்கள். அவையின்ரை முகம் எனக்கு இப்ப ஞாபகம் இல்லை. அந்த ரெண்டு சனிக்கிழமையும் ஞாபகம் இருக்கு.

அதாலை உங்களுக்கு வந்திருக்கிற குழப்பத்தைப் பற்றி எனக்குப் பெரிய அக்கறை இல்லை, கோவிக்காதையுங்கோ. எத்தினை மாசம் போவியள் எண்டதுதான் என்ரை கேள்வி.

முடக்கொழுங்கை
சனி, இரவு 11.20

கோவம் இல்லை. இந்தக் கேள்விக்கு உடனை பதில் எழுதினால் அது பொய்யாப் போகும். யோசிச்சுச் சொல்லுறன்.

பழையவாத்தி
ஞாயிறு, காலை 6.10

அன்புடையீர், முப்பத்து நான்கு ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அதில் ஏழு ஆண்டுகள் ஒரு தீவில். எனவே இது கொஞ்சம் நீளும்.

கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். அதன் பயனாகத்தான் என் தகப்பனார் படித்தார், நான் படித்தேன். 1980இலிருந்து பாடநூலும் இலவசம். ஆகவே நம்மவர் மனதில் ஓர் எண்ணம் ஊறிவிட்டது: வாசல் எல்லோருக்கும் திறந்துதானே கிடக்கிறது, உள்ளே வராதது அவரவர் குற்றம் என்று.

வாசல் திறந்துதான் கிடக்கிறது. ஆனால் பாடசாலைகள் எல்லாம் ஒன்றல்ல. 1ஏபி என்ற வகைப் பாடசாலையில்தான் உயர்தரத்தில் கணித, விஞ்ஞானப் பிரிவுகள் உண்டு. 1சி வகையில் கலையும் வர்த்தகமும். வகை 2 சாதாரண தரத்தோடு நின்றுவிடும். வகை 3 ஆரம்ப வகுப்புகளோடு. ஒரு பிள்ளை எந்த வகைப் பாடசாலைக்கு அருகில் பிறக்கிறது என்பதிலேயே பாதிக் கதை முடிந்துவிடுகிறது. முதலாம் வகுப்பு அனுமதிச் சுற்றறிக்கையை எடுத்துப் பாருங்கள். பெரிய பாடசாலைகளில் நூற்றுக்கு 50 இடம் அயலில் குடியிருப்போருக்கு, 25 பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. அயலில் குடியிருப்பதை நிரூபிக்க என்ன வேண்டும்? உறுதி. தங்கை எழுதிய அதே உறுதிதான். பெட்டகத்துக்குள் இருந்த கடதாசி பின்னமும் கற்பித்தது, பாடசாலையையும் பெற்றுத் தந்தது.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் யாருக்காக வந்தது என்பதும் பலருக்கு மறந்துபோயிற்று. கெட்டிக்காரரான கிராமத்து ஏழைப் பிள்ளைகளை மத்திய கல்லூரிகளுக்கு எடுத்துப் படிப்பிக்க. இன்று அதே சோதனைக்கு மூன்றாம் வகுப்பிலேயே ரியூசன் தொடங்குகிறது. ஏணி அதேதான், ஏறுகிறவர்கள் மாறிவிட்டார்கள்.

இன்னொன்று சொல்கிறேன், சிலருக்கு உறைக்கும். 70களில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபோது யாழ்ப்பாணம் கொதித்தது. மொழிவாரியாக வெட்டுப்புள்ளியை உயர்த்தியது அப்பட்டமான அநியாயம், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. என் அண்ணரின் மருத்துவக் கனவு அதில்தான் போயிற்று. ஆனால் பின்னால் வந்த மாவட்ட ஒதுக்கீட்டால் வன்னியிலும் மன்னாரிலும் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனார்கள். அதை நாங்கள் அப்போது பேசவில்லை, இப்போதும் அதிகம் பேசுவதில்லை. இன்று நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமை, 55 மாவட்டம், 5 பின்தங்கிய மாவட்டங்கள் என்று பிரிக்கிறார்கள். மாவட்டம் என்றால் யாழ்ப்பாணம் முழுவதும் ஒன்று. நெடுந்தீவுப் பிள்ளையும் நல்லூர்ப் பிள்ளையும் ஒரே வரிசை. குறிகாட்டுவானில் படகுக்கு நிற்கிற பிள்ளைக்கும், படுக்கையால் எழும்பிப் பத்து நிமிடத்தில் வகுப்பில் இருக்கிற பிள்ளைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கு ஒரே இசட் வெட்டுப்புள்ளி. கொழும்போடு ஒப்பிட்டு அநியாயம் என்று கத்திய நாங்கள், எங்கள் மாவட்டத்துக்குள் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தோமா?

என்னையும் விட்டுவிட மாட்டேன். அந்தத் தீவில் மத்தியானப் படகைப் பிடிக்க வேண்டும் என்பதற்காகக் கடைசிப் பாடத்தை எத்தனை நாள் அரைகுறையாக முடித்திருக்கிறேன். சோளகம் அடித்தால் அன்றைக்குப் போகவே மாட்டோம். எங்களுக்கு அது லீவு. அந்தப் பிள்ளைகளுக்குச் சாதாரண தரத்தில் கணிதம் டபிள்யூ, அதாவது சித்தியில்லை.

வெள்ளவத்தைவாசி
ஞாயிறு, காலை 8.55

சேர், அருமை. ஆனால் ஒரு பயம். இப்படியே போனால் கடைசியில் “எல்லாம் பிறந்த வீட்டுப் பலன்” என்று முடிந்துவிடும். அது பழைய தலைவிதிக் கதையைப் புதுச் சொல்லில் சொல்வதுதானே? ஒரே வீட்டில், ஒரே விறாந்தையில் வளர்ந்த என் தம்பி படிக்கவில்லை. நான் படித்தேன். அதற்குப் பெயர் முயற்சி இல்லையா?

குற்ற உணர்ச்சி ஒருவருக்கும் சோறு போடாது. நாலு பேர் கிழமைக்கு ரெண்டு மணித்தியாலம் ஒதுக்கினால் அதுதான் வேலை.

முடக்கொழுங்கை
ஞாயிறு, மாலை 4.30

வெள்ளவத்தைவாசி, நல்ல கேள்வி. ஆனால் உங்கடை தம்பி படிக்காமல் விட்டு என்ன ஆனவர்? நான் நினைக்கிறன் அவர் கடலுக்குப் போகேல்லை. எங்கடை வீடுகளிலை படிக்காமல் விட்டால் கடை போட்டுக் குடுப்பினம், இல்லாட்டி வெளிநாட்டுக்கு ஏத்துவினம். விழுந்தாலும் கீழை மெத்தை. முயற்சி இல்லை எண்டு நான் சொல்லேல்லை. அந்தப் பிள்ளையள் ஒருக்கால் முயற்சி செய்யாட்டில் அவைக்கு ரெண்டாம் தரம் இல்லை எண்டுதான் சொல்லுறன்.

இந்த நாலு மாசத்திலை கண்ட இன்னும் சிலதை எழுதுறன், ஒழுங்கு வரிசை இல்லாமல்.

ஏழாம் வகுப்புப் பெடியன் ஒருத்தன். கொப்பியைப் பாத்தால் கண்ணிலை ஒத்தலாம், முத்து முத்தான எழுத்து. பக்கத்துக்குப் பக்கம் சிவப்புச் சரி. நான் சந்தோசப்பட்டுப் போனன். ஒரு நாள் “நீயே எழுதினதை வாசி பாப்பம்” எண்டன். வாசிக்கத் தெரியேல்லை. கரும்பலகையிலை இருக்கிறதைப் படம் கீறுற மாதிரிக் கீறியிருக்கிறான், ஏழு வருசமா. இத்தினை வருசம் அதுக்குச் சரி போட்ட ரீச்சர்மாரைத் திட்ட வாய் வந்தது. பிறகு யோசிச்சன், நாலு கிழமையா நானும்தானே சரி போட்டனான்.

பயிற்சித்தாள் ஒண்டிலை புகையிரத நேர அட்டவணை வந்தது. “இத்தினை மணிக்கு வெளிக்கிட்டு இத்தினை மணிக்குச் சேர்ந்தால்” மாதிரிக் கணக்கு. ஒரு பிள்ளையும் றெயினிலை ஏறேல்லை. சரி, அதுதான் காரணம் எண்டு நினைச்சன். ஆனால் நான் பிறந்தது 91. யாழ்தேவி 90இலை நிண்டது, திரும்பி யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்ரோபரிலை. அப்ப நானும் றெயினைக் காணாமல்தானே அஞ்சாம் வகுப்புச் சோதினை எடுத்தனான்? எனக்கு எப்பிடி அந்தக் கணக்கு வந்தது? அப்பா கொழும்பிலை வேலை செய்தவர். ஒவ்வொரு ஸ்ரேசனின்ரை பேரையும், எங்கை நிண்டு வடை வாங்கினவர் எண்டதையும், எத்தினை மணிக்கு அனுராதபுரம் எண்டதையும் பாட்டு மாதிரிச் சொல்லுவார். நான் காணாத றெயினிலை நூறு தரம் போயிருக்கிறன்.

மற்றது கையெழுத்து. “கணக்கைச் செய்து அம்மாட்டைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாங்கோ” எண்டு அனுப்பினனான். எனக்கு அப்பிடித்தான் செய்தவை, அதாலை யோசிக்காமல் நானும் சொல்லிப்போட்டன். ஒரு பிள்ளையின்ரை கொப்பியிலை கையெழுத்து ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி. “ஆர் வைச்சது?” எண்டு எல்லாருக்கும் முன்னாலை கேட்டுப்போட்டன். பிள்ளை அழுதிட்டுது. தாய்க்கு எழுதத் தெரியாது. அக்காக்காரி வைச்சிருக்கிறா. அதோடை அந்தப் பிள்ளை ரெண்டு கிழமை வரேல்லை. இதை எழுதவே வெக்கமாக் கிடக்கு.

நல்லதும் ஒண்டு சொல்லோணும். இன்னொரு பிள்ளைக்குப் பின்னம் சுத்தமா ஓடாது, ஆனால் மீன் பங்கு பிரிக்கிற கணக்கு வாயிலை நிக்குது. வள்ளத்துக்கு இவ்வளவு, இஞ்சினுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு, எண்ணெய்க் காசு கழிச்சு எண்டு என்னைவிடக் கெதியாச் சொல்லுது. நான் வாயைப் பிளந்திட்டன். பாருங்கோ, எவ்வளவு கெட்டித்தனம் அந்தக் கரையிலை கிடக்கு!

கரைவலை
ஞாயிறு, இரவு 7.48

அக்கா, கடைசிப் பந்தியை வாசிக்க எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அந்தப் பிள்ளைக்குப் பங்குக் கணக்குத் தெரியிறது, விடிய அஞ்சு மணிக்கு மீன் கூறுற இடத்திலை தாயோடை நிக்கிறதாலை. ஆராவது ஏமாத்தினால் அண்டையச் சாப்பாடு போச்சு. உங்களுக்கு அது கெட்டித்தனம், எங்களுக்கு அது காவல். அந்தக் கணக்குக்குச் சாதாரண தரத்திலை ஒருத்தரும் புள்ளி போடமாட்டினம். அஞ்சு மணிக்கு எழும்பின பிள்ளை எட்டு மணிக்கு வகுப்பிலை நித்திரை கொள்ளும், அதுக்கு அடியும் வாங்கும். நானே வாங்கியிருக்கிறன்.

2022 ஆவணியிலை மண்ணெண்ணெய் 87 ரூபாயிலையிருந்து ஒரே இரவிலை 340க்குப் போனது. எங்கடை அண்ணா வள்ளத்தைக் கரையிலை கவிழ்த்து வைச்சவர். அந்த மாசம் மருமகன் பள்ளிக்கூடம் போகேல்லை. பள்ளிக்கூடத்திலை “வரவு குறைவு, பெற்றோருக்கு அக்கறை இல்லை” எண்டு எழுதிவிட்டினம். எண்ணெய் விலைக்கும் வரவுப் பதிவேட்டுக்கும் என்ன தொடுப்பு எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.

எங்களை ஐயோ பாவம் எண்டும் பாக்காதையுங்கோ, ஆகா அற்புதம் எண்டும் பாக்காதையுங்கோ. அந்தப் பிள்ளையிட்டை இருக்கிற பங்குக் கணக்கிலையிருந்து பின்னத்துக்கு ஒரு பாலம் போடுங்கோ. வள்ளத்துக்கு அஞ்சிலை ரெண்டு எண்டு எழுதிக் காட்டுங்கோ. கிணறும் உறுதியும் உங்கடை வீட்டுச் சாமான்.

மட்டுறுத்தினர்
ஞாயிறு, இரவு 8.30

ஒரு பதிவு நீக்கப்பட்டுள்ளது. கரைவலையிடம் “நீங்கள் என்ன ஆக்கள்” என்று கேட்ட உறுப்பினருக்கு இது கடைசி எச்சரிக்கை.

பழையவாத்தி
ஞாயிறு, இரவு 9.05

அந்தக் கேள்வியை நீக்கியது சரி. ஆனால் அது இந்த இழைக்குப் புறம்பான கேள்வியும் அல்ல, வெட்கத்தோடு சொல்கிறேன். என் ஆச்சி காலத்தில் இதே யாழ்ப்பாணத்தில் சில சாதிப் பிள்ளைகள் வாங்கில் இருக்கக்கூடாது, நிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று இருந்தது. சம ஆசனம் என்று அரசு உத்தரவு வந்தபோது பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைத்தவர்களும் நம்மவர்தான். நூலகம் எரிந்த 1981ஐ ஒவ்வோர் ஆண்டும் நினைக்கிறோம், நினைக்கத்தான் வேண்டும். நாங்களே எரித்த கொட்டில்களுக்கு நினைவுநாள் இல்லை.

ஜாம்போத்தல்
திங்கள், காலை 7.12

ரெண்டு நாளா வாசிச்சுக்கொண்டு இருக்கிறன். பதில் எழுத வெளிக்கிட்டு மூண்டு தரம் அழிச்சிட்டன்.

கரைவலை கேட்டதுக்குப் பதில் இது. எங்கடை வகுப்பிலை ஒருத்தன் இருந்தவன், கணிதத்திலை என்னைவிட விண்ணன். பின்னேரம் எங்கடை வீட்டை வருவான், ரெண்டு பேரும் ஒரு விளக்கிலை படிப்பம். எங்கடை மாமா சுவிசிலையிருந்து காசு அனுப்பினவர், அதாலை என்ன விலையெண்டாலும் வீட்டிலை எண்ணெய் இருக்கும். அவன்ரை வீட்டிலை சமைக்கவே எண்ணெய் இல்லை. எங்கடை ஆச்சிக்கு அவன் வாறது பிடிக்காது. ஒரு நாள் அவன் வர முந்தி விளக்கை நூத்துப்போட்டா. முற்றத்திலை வந்து நிண்டிட்டுத் திரும்பிப் போனவன். நான் உள்ளுக்குள்ளை இருந்தனான். கூப்பிடேல்லை. அதுக்குப் பிறகு அவன் வரவும் இல்லை, சாதாரண தரத்தோடை நிண்டிட்டான்.

இவ்வளவு வருசமா ஜாம் போத்தல் கதையை எத்தினை கலியாண வீட்டிலை, எத்தினை பிள்ளையளுக்குச் சொல்லியிருப்பன். இந்தத் துண்டு ஒருக்காலும் வாயிலை வரேல்லை.

தங்கச்சி, அந்த இடத்துக்கு ஏதாவது அனுப்ப ஏலுமோ? கொப்பி, வாங்கு, ஏதாவது.

கரைவலை
திங்கள், காலை 9.40

அனுப்புங்கோ அண்ணை. ஒரு நிபந்தனை. பிள்ளையளை வரிசையிலை நிப்பாட்டிக் கொப்பியைப் பிடிக்கச் சொல்லிப் போட்டோ எடுக்கக்கூடாது. எனக்குப் பன்ரெண்டு வயசிலை எடுத்த ஒண்டு இப்பவும் முகநூலிலை கிடக்கு. ரெண்டாவது வரிசை, இடப்பக்கம். என்னோடை வேலை செய்யிற ஒருத்தி போன வருசம் அதை எடுத்துக் காட்டி “இது நீதானே?” எண்டு கேட்டவள்.

பனம்பாத்தி
திங்கள், காலை 9.52

நான் பகிடிக்கு எழுதிப்போட்டுப் போவம் எண்டு வந்தனான். இப்ப போகேலாமக் கிடக்கு. எனக்குத் தமிழ் வாசிக்கப் பழக்க ஏலும், முன்பள்ளியிலை ஒரு வருசம் உதவிக்கு நிண்டனான். அந்த ஏழாம் வகுப்புப் பெடியனுக்கு ஆர் எழுத்துச் சொல்லிக்குடுக்கிறது?

பழையவாத்தி
திங்கள், பிற்பகல் 2.15

தங்கைக்குத் தொழில் சார்ந்து இரண்டொன்று. “விளங்கிற்றா” என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அது கேள்வியே அல்ல, தலையாட்டச் சொல்கிற கட்டளை. “எந்த இடத்தில் நின்றுவிட்டாய்?” என்று கேளுங்கள். நிற்பது எல்லோருக்கும் வரும் என்று அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. நீங்கள் பலகையில் வேண்டுமென்றே பிழை விடுங்கள், அவர்கள் பிடிக்கட்டும். வீட்டு வேலை வேண்டாம். வீட்டில் மேசை இருக்கிற பிள்ளைக்குத்தான் அது பொருந்தும். வகுப்பைத் தொடங்க முன் ஆளுக்கு ஒரு பணிசும் பிளேன்டீயும் கொடுத்துப் பாருங்கள். என் அனுபவத்தில் பின்னம் விளங்காததற்கு மத்தியானம் சாப்பிடாததும் ஒரு காரணம்.

ஏழாம் வகுப்புப் பையனைத் தனியே வைத்துப் படிப்பியுங்கள், மற்றவர் முன் அல்ல. பனம்பாத்தி போவதானால் நல்லது. முதலாம் வகுப்புப் புத்தகத்தை அவன் கையில் கொடுக்க வேண்டாம், கூசிப்போவான். வள்ளங்களில் எழுதியிருக்கிற பெயர்களை வாசிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த சனி நானும் வரலாமா? முழங்கால் சரியில்லை, வாசலில் படி உயரமோ?

முடக்கொழுங்கை
செவ்வாய், இரவு 10.05

ஒரு படிதான் சேர், பெடியள் பிடிச்சு ஏத்துவாங்கள். பலகை எண்டு இருக்கிறது ஒரு பழைய கதவு, கறுப்புப் பெயின்ற் அடிச்சது. சோக்கு மட்டும் கொண்டு வாங்கோ.

கரைவலை, உங்கடை கேள்விக்கு: வருசக் கடைசி மட்டும் ஒவ்வொரு சனியும். அதுக்குப் பிறகு எனக்குத் தெரியாது. வரேலாத கிழமையை முதல் கிழமையே பிள்ளையளுக்குச் சொல்லுவன். இதைவிடப் பெரிசாச் சொன்னால் பொய்.

இப்ப ஒரு சின்னப் பிரச்சினை, சிரியாதையுங்கோ. அந்தக் கையெழுத்துப் பிள்ளை திரும்பி வந்திட்டுது. போன சனி வகுப்பு முடிய தாயும் வந்தவா. ஒண்டும் கதைக்கேல்லை. ஒரு சொப்பிங் பையை நீட்டினவா, உள்ளுக்குள்ளை மீன். நான் “ஐயோ வேண்டாம் அம்மா” எண்டு ரெண்டு தரம் சொல்லிப்போட்டன். அவவின்ரை முகம் மாறினதைக் கண்டன். பையைத் திருப்பிக் கொண்டு போட்டா. காசில்லாமப் படிப்பிக்கிறது எண்டு வந்திட்டு மீன் வாங்கிறது சரியோ எண்டு நினைச்சுத்தான் சொன்னனான்.

கரைவலை
செவ்வாய், இரவு 10.11

பிழை. ஊரிலை ஒரு ரியூசன் சேர் தாய் தேப்பன் காசு குடுக்கேக்கை “ஐயோ வேண்டாம்” எண்டுறவரோ? அவ உங்களுக்குப் பிச்சை போடேல்லை, கணக்குத் தீர்த்தவா. கையெழுத்து வைக்கத் தெரியாத மனிசி தன்ரை கையாலை ஏலுமானதைக் கொண்டு வந்திருக்கிறா. அடுத்த முறை தந்தால் வாங்குங்கோ. “இது என்ன மீன், எப்பிடிக் குழம்பு வைக்கிறது?” எண்டும் கேளுங்கோ. ஒரு ஐஞ்சு நிமிசம் அவ உங்களுக்கு ரீச்சரா இருக்கட்டும்.

பழையவாத்தி
புதன், காலை 5.50

வழிமொழிகிறேன். தீவில் எனக்கு ஒடியலும் கருவாடும் வந்தபடி இருக்கும். முதல் ஆண்டு மறுத்தேன். இரண்டாம் ஆண்டிலிருந்து வாங்கினேன். அதன் பிறகுதான் தாய்மார் என்னிடம் பிள்ளைகளைப் பற்றிக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

முடக்கொழுங்கை
புதன், இரவு 9.30

முழு உண்மையையும் சொல்லிவிடுறன். காசில்லாமப் படிப்பிக்கிறது எண்டது பாதிக் காரணம்தான். அந்தப் பையைக் கண்டதும் எனக்கு முதல் ஞாபகம் வந்தது அம்மம்மா. எங்கை படிப்பிக்கிறன் எண்டு முதல் நாள் சொன்னபோது “அங்கையோ?” எண்டு ஒரு சொல்லுத்தான் கேட்டவா. மீனைக் கொண்டு போனால் “ஆர் தந்தது?” எண்டு கேப்பா. அந்தக் கேள்வி மீனைப் பற்றினது இல்லை எண்டு உங்கள் எல்லாருக்கும் தெரியும். விறாந்தையிலை எனக்குப் பின்னம் விளங்கப்படுத்தின அதே வீடுதான்.

பனம்பாத்தி
புதன், இரவு 9.34

அப்ப சனிக்கிழமை?

முடக்கொழுங்கை
சனி, இரவு 8.50

சேர் வந்தவர். பனம்பாத்தியும் வந்தவர், அந்தப் பெடியனும் அவரும் கரை வழிய நடந்து வள்ளமாப் பாத்து ஆறு பெயர் வாசிச்சிட்டு வந்திச்சினம். வள்ளத்துக்கு அஞ்சிலை ரெண்டு எண்டு எழுதினன். நான் வேணுமெண்டு விட்ட பிழையை ஒருத்தரும் பிடிக்கேல்லை, தெரியாமல் விட்ட பிழையைப் பிடிச்சிட்டுதுகள்.

தாய் திரும்பவும் வந்தவா. சூடை, அரைக் கிலோ வரும். புளி கூட விட்டு, மிளகாய்த்தூளைக் குறைச்சு வைக்கச் சொன்னவா. வீட்டை கொண்டு வந்தன். அம்மம்மா கேட்டவா. ஆர் எண்டு சொன்னன். அம்மா ஒண்டும் பறையாமல் சட்டியை எடுத்து அடுப்பிலை வைச்சவா. நானும் அம்மாவும் சாப்பிட்டம். அம்மம்மா பாணும் சம்பலும் சாப்பிட்டிட்டுப் படுத்திட்டா.